இரண்டாவது மோதல்

கோத்தகிரி வீடுகளில் இப்போது அடுப்பே இல்லை. சுவரிலிருக்கும் கணினிப் பெட்டி எங்கோ இருக்கும் விஞ்ஞானிகளுக்காகக் கணக்குப் போடும். அந்தச் சூட்டில் சோறு வேகும், வெந்நீர் காயும். இன்று அது நிலவு எப்படிப் பிறந்தது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தது.

ஏழாம் மாதத்தில் பிறந்த மகளுக்கு இன்றுதான் முதல் குளியல். ரெஜினா குழந்தையின் துணியை அவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

"ஏங்க, பிள்ளைக்கு நடுங்குது! அந்தப் பெட்டிக்கு என்ன கேடு வந்துச்சு?"

சேவியர் பெட்டியின் திரையைப் பார்த்தான். "பூமி மேல ஒரு கிரகம் மோதணும். உரசிட்டுப் போயிடுச்சு. இப்போ கணக்கு கம்மி, அதான் பெட்டி ஆறிடுச்சு. அந்தக் கிரகம் திரும்பி வருமாம்."

"எப்போ?"

"லட்சம் வருஷம் கழிச்சு."

"அதுக்குள்ள உங்க மக கிழவியாயிடுவா."

"பெட்டிக் கணக்குல அது நமக்குப் பத்து நிமிஷம்தான்டி."

ரெஜினா குழந்தையைச் சேலைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டாள். திரையில் புள்ளியாகத் தேய்ந்திருந்த கிரகம் மெல்லத் திரும்பிப் பெரிதானது.

"வா ராசா, வா," என்றாள் அதனிடம்.

இரண்டும் மோதின. பூமி உருகிச் சிவந்தது. சிதறிய பாறைக்குழம்பு வளையமாகச் சுழன்றது. குழாயில் ஆவி பறந்தது.

ரெஜினா தண்ணீரை விளாவி, முழங்கையால் சூடு பார்த்து, முதல் சொம்பை ஊற்றினாள். குழந்தை அழவில்லை; கண்ணை அகலத் திறந்தது. திரையில் வளையம் திரண்டு உருண்டையானது. சேவியர் கையில் துண்டோடு அப்படியே நின்றான்.

"இன்னொரு சொம்பு ஊத்தட்டுமா?"

"ஊத்து. நிலா இன்னும் ஆறல."