கையெழுத்து மட்டும் போதும்

ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் சமையலறை மேசையில் பாதிவரைதான் விழுகிறது. வெளிச்சத்தில் கைப்பேசி ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருக்கிறது. நிழலில் அவள் கைகள். மருந்துக் கிடங்கில் சரக்கு பார்க்கும் அவளுக்கு, பட்டம் முடித்தால் மேலாளர் வேலை என்று முதலாளி சொல்லியிருக்கிறார். மகள் பிறந்தபோது இரண்டாம் ஆண்டோடு நின்றுபோன வணிக நிர்வாகப் படிப்பு அது. இரண்டு தொலைதூரக் கல்லூரிகளை அவள் பார்த்துவைத்திருக்கிறாள். ஒன்றில் ஞாயிறுதோறும் வகுப்பு உண்டு, நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். மற்றொன்றின் ஆலோசகர்தான் இப்போது பேசுகிறார். "என் பழைய மார்க்கை எடுத்துப்பீங்களா?" என்று கேட்கிறாள். சட்டைக்கு இஸ்திரி போடும் கணவன் குறுக்கே, "எப்போ முடியும்னு கேளு" என்கிறான். ஆண்குரல் கேட்டதும் ஆலோசகருக்கு உற்சாகம் பிறக்கிறது. "சாருங்களா? வணக்கம் சார். ஆறே மாசம். மேடம் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். பரீட்சையை நாங்க பாத்துக்கிறோம், கையெழுத்து மட்டும் போதும்." கணவன் சிரிக்கிறான். "கேட்டியா, மேனேஜரம்மா? உனக்குத் தலைவலி இல்ல, எனக்கும் ஞாயித்துக்கிழமை சமைக்கிற வேலை இல்ல." சூடான துணியின் வாசனை அறையெங்கும் பரவுகிறது. அவள் சிரிக்கவில்லை. மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரிக்கிறாள். "என் பேர்ல யாருங்க எழுதுவாங்க?" "நம்மகிட்ட ஒரு பொண்ணு இருக்கு மேடம், கெட்டிக்காரி." "அவ என்ன படிச்சிருக்கா?" ஆலோசகர் கொஞ்சமும் தயங்கவில்லை. "அவளும் பாதியில விட்டவதான் மேடம். அதனாலதான் ரொம்ப ஆசையா எழுதுவா."