ரப்பர் மூடி

"கிருமியே இல்லன்னா, நாத்தம் எங்கேர்ந்து சார் வருது?"

ஏழு வயதில் பேபி இப்படிக் கேட்டாள். அது எண்பத்தொன்றாம் வருடம். பூந்தமல்லியில் ஒரு பரிசோதனைக் கடையின் சின்ன ஜன்னல். அப்பாவின் கால் புண்ணில் கிருமி இல்லை என்று எழுதிய சீட்டை நீட்டிய கை ஜன்னலைச் சாத்தியது.

"பேபி, வாம்மா" என்று அப்பா முனியன் வாசலிலிருந்து கூப்பிட்டார். பத்தாம் நாள் அவர் இல்லை.

பதின்மூன்று வருடம் கழித்து அதே நாற்றம் அவளைத் தேடி வந்தது. திருமழிசை கம்பெனியில் சங்கிலி அறுந்து, கணவன் தேவராஜின் காலில் இரும்புத் தகடு விழுந்தது. தையல் போட்ட காயம் உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைக்குள் குறையாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் ஞானகுமாரி சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நர்சிங் ஹோம் லேபிலிருந்து சீட்டு வந்தது. கிருமி இல்லை.

பேபி சீட்டோடு லேபுக்குள் நுழைந்தாள். தலை நரைத்த லேப்காரர் ராயப்பன் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கிருமி இல்லன்னா நாத்தம் எங்கேர்ந்துய்யா வருது? சொல்லு!"

கழுவிய கை நின்றது. அவர் அவளையே பார்த்தார்.

"உன் பேரு பேபியா?"

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். சீட்டில் தேவராஜின் பெயர் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை ராயப்பன் கட்டிலருகே வந்தார். புண்ணின் மேல் குனிந்து முகர்ந்தார். பிறகு டாக்டரின் காதருகே ஏதோ சொன்னார், டாக்டர் தலையசைத்தார்.

ராயப்பன் ஊசியை ஆழமாக இறக்கிச் சீழை இழுத்தார். ஊசியை நிமிர்த்தி, உள்ளே இருந்த காற்றுக் குமிழியை வெளியே தள்ளினார். மருந்து பாட்டிலின் ரப்பர் மூடியில் ஊசி முனையைக் குத்தி, அப்படியே சட்டைக்குள் வைத்துக்கொண்டார். லேப் பக்கம் போகாமல் வாசலைப் பார்த்து நடந்தார்.

"இன்னா அண்ணி, ஒளிச்சு எடுத்துகினு போறான்?" என்றான் தேவராஜின் தம்பி சம்பத்.

"என் பேரு கூட அவனுக்குத் தெரியுது சம்பத்து."

"அப்ப கம்பெனி ஆளுதான். துருப்புடிச்ச சங்கிலின்னு கேசு வந்துடும்ல? அதான் ரிப்போர்ட்ட மாத்துறான். டாக்டரம்மாவையும் கைக்குள்ள போட்டுக்கினான் பாரு!"

இருவரும் பஸ் நிலையத்துக்கு ஓடினார்கள். பாரிமுனை பஸ்ஸில் ஏறப் போனவரின் காலரைச் சம்பத் பிடித்து இழுத்தான்.

"யோவ் பெருசு, எங்கண்ணன் கால யாருக்கு விக்கிற?"

கூட்டம் சேர்ந்தது. யாரோ கன்னத்தில் ஒன்று வைத்தார்கள். மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அவர் குனியவில்லை, இரண்டு கைகளும் நெஞ்சின் மேலேயே இருந்தன.

"அடிக்கணும்னா அடிப்பா. மூடிய மட்டும் தொடாத."

பஸ் நகர்ந்தது. பிடி தளர்ந்த நேரத்தில் அவர் ஓடித் தொற்றிக்கொண்டார். போலீசில் காட்டுவதற்காக பேபி உடைந்த கண்ணாடியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சந்தேகம் புகுந்த வயிற்றில் சோறு இறங்காது. இரண்டு நாள் அவள் தேவராஜின் கட்டிலை விட்டு நகரவில்லை. ராயப்பன் அந்தப் பக்கம் வந்தாலே எழுந்து குறுக்கே நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, பட்டணத்துப் பெரிய லேபிலிருந்து, கிருமி உண்டு என்று வேறொரு காகிதம் வந்தது. டாக்டர் தையலைப் பிரித்தார். அழுகியதை வெட்டி எடுத்து, புண்ணை மூடாமல் திறந்தே விட்டார். புது மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

ஞாயிறு மாதா கோயில் மணி அடித்தபோது அறையில் நாற்றம் இல்லை. கால் இருந்தது.

காகிதம் எப்படி வந்தது என்று டாக்டர் சொல்ல, பேபி அழுதுவிட்டாள். கண்ணாடிக்குப் புது வில்லை போட்டு எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. புத்தி கெட்டுப் போச்சு."

"காத்து பட்டா செத்துப்போற கிருமிம்மா அது" என்றார் ராயப்பன். "பஞ்சுல தொட்டு எடுத்தா லேபுக்கு வர்றதுக்குள்ள செத்துடும். நாங்களும் கிருமி இல்லன்னு எழுதிடுவோம். பட்டணத்துல காத்தே இல்லாத ஜாடியில வெச்சு வளக்குறாங்க."

"என் பேரு எப்படித் தெரியும்?"

"எப்பவோ யாரோ கூப்பிடக் கேட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல இதையேதான் ஒருத்தன்கிட்ட கேட்டேன். மூஞ்சி மேல ஜன்னல சாத்திட்டான் பாவி. அன்னிக்கு அவன் எடத்துல நீங்க இருந்திருந்தா, எங்கப்பா பொழச்சிருப்பாரு."

கைகூப்பிவிட்டுப் போனாள். அவளுடைய காலடி ஓசை மாடிப்படியில் ஏறி அடங்கும்வரை ராயப்பன் அசையவில்லை. லேபில் வேறு யாரும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, காலியான வாசலைப் பார்த்துச் சொன்னார்:

"நான்தான் இருந்தேன், பாப்பா."