வெள்ளிக்கிழமைக் கோழி

"அம்மா, கோழி வாசம்!"

பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையிலிருந்து இடுப்பில் தூக்கிவந்த மகள் ரீட்டா மூக்கை உறிஞ்சினாள். காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் தேறுகிற பிள்ளை.

லூர்தம்மாள் முதுகிலிருந்த கொழுந்துக் கூடையை இறக்கினாள். வாசம் பக்கத்து வீட்டுப் பார்பராவின் அடுப்பிலிருந்து வந்தது. இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டு, தேயிலைக் கட்டைத் தணலில் நிதானமாக வேகிற வாசம். லயத்து வீடுகளுக்கு நடுவிலிருந்த பலகைச் சுவருக்கு வாசத்தைத் தடுக்கவா தெரியும்?

"அடிப்பாவி! தபசு காலம், அதுலயும் வெள்ளிக்கிழமை. வேதக்காரங்க கவுச்சி தொடாத நாள்ல போய்க் கோழியா!"

சொல்லும்போதே லூர்தம்மாளுக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

தோட்டமே மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைத்துக்கொண்டிருந்த காலம். மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்தபின் வீட்டுக்கு ஒரு கோழிதான். அதன் முட்டையும் ஆபீசுக்குப் போய்விட வேண்டும். ஒளித்தால் வீட்டு ஆம்பளையைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிவிடுவார்கள். போனவர்கள் யாரும் இன்னும் திரும்பவில்லை. பார்பராவின் புருஷன் ராஜநாயகமும் அப்படிப் போனவன்தான்.

பார்பரா எட்டு மாதக் கர்ப்பிணி. "பிள்ளை பொறந்ததும் இந்தக் கோழியை அடிச்சு ரசம் வச்சுக் குடிப்பேங்க்கா" என்று போன வாரம்கூடச் சொன்னாள்.

"அதுக்குள்ள நாக்கு அடங்கலையாக்கும்!" என்று லூர்தம்மாள் முணுமுணுத்தாள்.

வேலை முடிந்து வந்த புருஷன் அல்போன்ஸ் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தான். "அடேயப்பா! பார்பரா கைப்பக்குவமே தனிலா."

"ஆமா, போய் அவ வாசல்ல குந்துங்க. எலும்பு போடுவா."

அவன் வாயை மூடிக்கொண்டான். பிள்ளை மூடவில்லை. "அம்மா, எனக்குக் கோழி."

"நம்மகிட்ட ஏதுடி கோழி?"

இருந்தது. கழிச்சல் கண்டு செத்துவிட்டதென்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி முன்னால் மூக்கைச் சிந்திவிட்டு வந்திருந்தாள் லூர்தம்மாள். செத்த கோழி விறகுக்குப் பின்னால், சாக்கு மூடிய கூடைக்குள் சௌக்கியமாக இருந்தது. முட்டை ரீட்டாவுக்கு. வெளியே ஒரு குஞ்சுக்கும் தெரியாது என்பது அவள் நம்பிக்கை. மசக்கையில் பார்பரா வாடிக் கிடந்தபோதும் ஒரு முட்டை அந்தப் பக்கம் போனதில்லை.

கூடைக்குள் கைவிட்டாள். இன்றைக்கும் ஒன்று போட்டிருந்தது. அவித்துக் கொடுத்தால் ரீட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "முட்டை வேணாம். அந்தக் கோழிதான் வேணும்."

லூர்தம்மாள் பலகைச் சுவரை முறைத்தாள்.

பொழுது சாயும் நேரம் லயத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கங்காணி பழனியப்பனும், தானா ராத்தா முகாமிலிருந்து வருகிற ஜப்பான் சிப்பாயும். அல்போன்ஸுக்கு முகம் வெளுத்தது. லூர்தம்மாள் ஓடிப்போய்க் கூடைமேல் இன்னொரு சாக்கைப் போட்டாள்.

சத்தம் இவர்கள் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தது.

பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். பார்பரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து பரிமாறினாள். சிப்பாய்க்கு ஒரு கால், கங்காணிக்கு ஒரு கால். சிரிப்பு வேறு! சட்டி காலியாகும்வரை தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே இருவரும் இறங்கிப் போனார்கள்.

அதற்கு மேல் லூர்தம்மாளுக்குத் தாங்கவில்லை. விடுவிடுவென்று போய்ப் பார்பரா முன்னால் நின்றாள்.

"நல்லாருக்குடி ஞாயம்! உன் புருஷனைச் சயாமுக்குப் பிடிச்சுக் கொடுத்தவனே இந்தக் கங்காணிதான். அவனுக்குக் கோழிக்கால் விருந்தா? பக்கத்துல ஒரு நோயாளிப் பிள்ளை ஏங்கிக் கெடக்குது, அது உன் கண்ணுக்குத் தெரியல!"

பார்பரா சட்டியைச் சாய்த்து, அடியில் கிடந்த ரசத்தைக் கொட்டாங்குச்சியில் வடித்து நீட்டினாள்.

"ரீட்டாவுக்குக்கா. சின்னப் பிள்ளைக்குச் சுத்தபோசனம் கிடையாதே."

"நீ தின்ன மிச்சமா?"

"நான் வாயில வைக்கலக்கா. வெள்ளிக்கிழமையாச்சே."

"பின்னே எதுக்குடி பேறுகாலத்துக்கு வச்சிருந்ததைப் போய் அடிச்சே?"

பார்பரா வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"காலையில நீங்கெல்லாம் வேலைக்குப் போனப்புறம், அவங்க ரெண்டு பேரும் லயத்தைப் பார்த்துக்கிட்டு வந்தாங்க. சரியா அந்த நேரம் பார்த்து உங்க கோழி முட்டை போட்டுட்டுக் கொக்கரிச்சுச்சு. கங்காணி உங்க கதவை உடைக்கவே போயிட்டாரு."

லூர்தம்மாள் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தாள்.

"ஓடிப்போய் மறிச்சேங்க்கா. 'அது என் கோழிங்க, பலகைச் சந்துல பூந்துக்கிட்டுக் கத்துது. இன்னிக்கே அடிச்சு ஆக்கி வைக்கிறேன், சாயங்காலம் ரெண்டு பேரும் சாப்பிட வாங்க'ன்னு கும்பிட்டேன். முத்தின கோழியா, வேகறதுக்கு இவ்வளவு நேரமாச்சு. இந்த லயத்துலேர்ந்து ஒரு ஆம்பளை சயாமுக்குப் போனது போதும்."

லூர்தம்மாள் திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்கக்கா" என்றாள் பார்பரா, காலிச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டே. "இனிமே அதைக் கத்த விடாதீங்க. இன்னொரு தடவை என்னோடதுன்னு சொல்றதுக்கு என்கிட்ட கோழி இல்ல."