பின்னால சுவரு தெரியணும்

"இந்தச் சுவரு முன்னாலயா?"

கேமராவைக் கழுத்தில் மாட்டியபடி கோமதிசங்கர் வாயைப் பிளந்து நின்றார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, பசை காய்ந்து, வெற்றிலை எச்சில் தெறித்த ஒரு சுவர். அதன் முன்னால் பட்டுச்சேலை கட்டிய பொன்செல்வி, இடுப்பில் பெண்குழந்தையோடு, கல்யாண மேடையில் நிற்கிற மிடுக்கோடு நின்றாள்.

"இங்கனயேதான் அண்ணாச்சி. பின்னால சுவரு நல்லாத் தெரியணும்."

யாரை நோவது? வினையை விலைகொடுத்து வாங்கியவர் இவரேதான். தூத்துக்குடியில் கல்யாண வீடுகளாக எடுத்துச் சலித்து, போன வருடம்தான் இந்த ஊரில் ஸ்டுடியோ போட்டார். வாசலில் 'டாக்குமென்டரி ஸ்டைல் குடும்பப் படம்' என்று போர்டும் வைத்தார். தாடையைத் தூக்கி, "சிரிங்க" என்று சொல்கிற வேலையே கிடையாது. வாழ்க்கையில் மறக்க முடியாத இடத்துக்குப் போய், இருக்கிறபடி இருக்கச் சொல்லி எடுப்பார்.

கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசிய பொன்செல்வியிடமும் அதைத்தான் சொன்னார். "மறக்க முடியாத எடந்தான? நான் பொறந்து வளர்ந்த ஊருல இல்லாமலா!" என்றாள். இவர் கோபுர வாசலையும் தெப்பக்குளத்தையும் மனதில் குறித்து வைத்திருந்தார்.

கிடைத்ததோ சுவர். அடுத்து, ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் இன்னொரு சுவர். அதற்கடுத்து, பேச்சே காதில் விழாத தெருவில் ஒரு விசைத்தறிக் கூடத்துச் சுவர்.

இருந்தாலும், படம் என்னவோ நன்றாகத்தான் விழுந்தது. கணவன் மகாராஜன் முறுக்கை உடைத்துக் குழந்தைக்குக் கொடுத்தான். அது பாதியை அம்மா வாயில் திணிக்க, பொன்செல்வி தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். எதிரே டீக்கடைக்காரர் ஆற்றுகிற டீயை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் அவள் முகத்தில் அழகாக விழுந்தது. கோமதிசங்கர் ஆசையாக நெருங்கிப் போனார். அவள் சட்டென்று கையை நீட்டி லென்ஸை மறைத்தாள்.

"என்னைய மட்டும் தனியா எடுக்காதிய அண்ணாச்சி. மொகத்த மட்டும் எடுக்கவே கூடாது. இவுகளும் பிள்ளையும் கூட இருக்கணும்."

"கண்ணு பட்டுரும்னு பயமாக்கும்?" என்று இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

காதல் கல்யாணமாகத்தான் இருக்கும், இந்தச் சுவரோரங்களில் நின்றுதான் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததும் எரிச்சலெல்லாம் போய், அவர்கள் மேல் பிரியமே வந்துவிட்டது. மகாராஜனை ஓரமாக இழுத்து, "இங்கன வச்சுத்தான் மொதமொதல்ல பாத்துக்கிட்டியளோ?" என்று கேட்டார். 

"நாங்க பாத்துக்கிட்டது கோயம்புத்தூர்ல அண்ணாச்சி. இந்தச் சுவரையெல்லாம் நானே இன்னைக்குத்தான் பாக்கேன்."

கோமதிசங்கர் அதற்கு மேல் யோசிப்பதை விட்டுவிட்டார்.

"இன்னும் ஒரு எடம் பாக்கி. பூ மார்க்கெட்டு," என்றாள் பொன்செல்வி. "அங்கன கொஞ்சம் சத்தம் வரும். என்ன ஆனாலும் கேமராவ எறக்கிராதிய."

மகாராஜனின் முகம் மாறியது. "செல்வி, எடுத்தது போதும். பிள்ளைய வச்சிக்கிட்டு எதுக்கு வம்பு?"

"பயமா இருந்தா நீங்க கார்லயே இருங்க. நான் போயி நிக்கத்தான் போறேன்."

அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

பூ மார்க்கெட்டில் பெரிய கமிஷன் கடை செல்லச்சாமியுடையது. அவர் கோபத்துக்குப் பயந்து, பூ மூட்டை இறக்குகிறவர்கள் இருமக்கூட யோசிப்பார்கள். பொன்செல்வி நேராகப் போய் அந்தக் கடையின் பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

தராசு முன்னால் உட்கார்ந்திருந்த செல்லச்சாமி தலையைத் தூக்கினார். அள்ளிய மல்லிகை கையிலிருந்து கொட்டியது.

"ஏட்டி! இங்கன வந்து நிக்க ஒனக்கு என்ன தைரியம்?"

"மொதலாளி, சும்மா குடும்பப் படந்தான். ரெண்டே நிமிசம்..." என்று கோமதிசங்கர் குழைந்தார்.

"யாருட்டவே கேட்டு எடுக்கீரு? ஒடைச்சுப் போடுவேன், பாத்துக்கிடும்!"

கோமதிசங்கர் கேமராவை இறக்கத்தான் போனார். ஆனால் அந்தப் பெண் ஒரு அங்குலம்கூட நகராமல் நிற்பதைப் பார்த்தபோது, நமக்கென்ன கேடு என்று ரோஷம் வந்துவிட்டது. மறுபடியும் கண்ணை வைத்தார். மகாராஜன் வந்து அவள் தோளோடு தோள் ஒட்டி நின்றான். குழந்தை அவளிடம் தாவியது.

சந்தையே மூச்சு விடாமல் பார்த்தது. செல்லச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"சுவரு என் சுவரு! இதுல சாஞ்சு நிக்க நீ யாருட்டி?"

பொன்செல்வியின் கண்கள் கலங்கின. குரல் கலங்கவில்லை.

"நீங்க எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுன கடைசிச் சுவருப்பா இது."