மிளகு சேர்க்காத சூப்

கிண்ணம் என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

மோதி, துள்ளி, உருண்டு, என் கால் கட்டைவிரல் பக்கத்தில் வந்து நின்றது. பிளாஸ்டிக் கிண்ணம். உடையாது.

"சில்லுனு இல்ல," என்றார் என் வீட்டுக்காரர்.

கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தேன். தக்காளி, வெள்ளரிக்காய், குடைமிளகாய். சில்லென்றுதான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

மணி ஒன்று. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையில் பட்டறையில் முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதைச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் கொண்டு வந்திருக்கிறார்.

இன்னொரு கிண்ணம் எடுத்துவரச் சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே டம்ளர் பறந்து வந்து கதவில் பட்டது.

பக்கத்து வீட்டுக்காரி இந்த சூப்பைப் பற்றித் தெரு முழுக்கப் பேசுகிறாள். வெயிலுக்கு என்ன இதம், என்ன கைப்பக்குவம் என்று. பக்குவமாவது மண்ணாவது.

மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது, அவள் என் மடியில் உட்கார்ந்திருக்க, கொதிக்கக் கொதிக்க ஒரு கிண்ணம் பறந்து வந்தது. குழந்தையை அணைத்துக்கொண்டு திரும்பினேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்துபோனது. கேட்டவர்களிடம் குக்கர் வெடித்தது என்றேன்.

மறுநாளிலிருந்து இந்த வீட்டில் சூப் ஜில்லென்றுதான் இருக்கும்.

நெற்றியில் மூன்று தையல் போட்ட பிறகு பீங்கான் கிண்ணங்கள் பரணுக்கு ஏறின. மிளகை நிறுத்தினேன். கண்ணில் விழுந்தால் எரிகிறது. இரண்டு முறை வடிகட்ட ஆரம்பித்தேன். விதை தலைமுடியில் ஒட்டிக்கொண்டால் லேசில் போவதில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் கண்டுபிடித்த கைப்பக்குவம் இவ்வளவுதான்.

மகளுக்கு எதுவும் தெரியாது. வெயிலுக்கு நல்லது என்று சொல்லித்தான் கொடுப்பேன். சின்ன வயதில், அவர் சாப்பிட உட்காரும்போது அவளை மொட்டைமாடிக்கு விளையாட அனுப்பிவிடுவேன். சுவரைத் துடைத்து முடித்த பிறகுதான் கூப்பிடுவேன். அவளும் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை.

ஃபிரிட்ஜிலிருந்து சூப் ஜாடியை எடுக்கும்போது போன் அடித்தது. அவள்தான். கல்யாணமாகி எட்டு மாதம். மலைமேல் ஊர். பஸ்ஸில் நாலு மணி நேரம்.

"அம்மா, அந்த ஜில்லு சூப் எப்படிம்மா செய்வ?"

மகள் சமையல் கேட்டால் எந்த அம்மாவுக்குத்தான் தலைகால் புரியும்? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். நன்றாகப் பழுத்த தக்காளி நாலு. வெள்ளரிக்காய் ஒன்று. குடைமிளகாய் பாதி போதும். பூண்டு ஒரே ஒரு பல். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த ரொட்டித் துண்டு. உப்பு, எலுமிச்சைச் சாறு. அரைத்து, வடிகட்டி, மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில்.

கூடத்தில் அவர் மேசையை ஓங்கிக் குத்தினார். தட்டுகள் குலுங்கின.

போனிலும் ஏதோ சடசடவென்று கேட்டது. என்னடி சத்தம் என்றேன்.

"மழைம்மா. நாலு நாளா விடாம பெய்யுது. ஸ்வெட்டரைக் கழட்ட முடியல."

அந்தக் குளிரில் எதற்கு ஜில்லு சூப் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அந்தக் கிண்ணம் எந்தக் கடையிலம்மா வாங்குன? வளையுமே, அது."

ஜாடியை மேடைமேல் வைத்தேன்.

மொட்டைமாடியில் இவள் எங்கே விளையாடினாள்? படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மாப்பிள்ளை எப்பலேர்ந்துடி இப்படி?"

மழைச் சத்தத்துக்கு நடுவே மெதுவாகச் சொன்னாள்.

"மிளகு மட்டும் போடக் கூடாது, இல்லம்மா?"

என் மேல் விழுந்ததெல்லாம் என்னோடு போகட்டும் என்றிருந்தேன். போகவில்லை. இப்போதுகூட, அளவு முதற்கொண்டு ஒன்றுவிடாமல் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"கிண்ணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். இருக்கற துணியோட கிளம்பி வா."

"அங்கயாம்மா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

"நீ வந்து சேர நாலு மணி நேரம் ஆகும்ல?" என்றேன். "அது போதும் எனக்கு."

ஜாடியில் இருந்ததைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தேன். மிளகுத்தூள் இரண்டு கரண்டி போட்டேன். ஸ்டூல்மேல் ஏறிப் பரணிலிருந்து பீங்கான் கிண்ணம் ஒன்றை எடுத்தேன். சுற்றியிருந்த செய்தித்தாள் கையில் பொடியாக உதிர்ந்தது. கிண்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"உள்ள செத்துட்டியா?" என்று கத்தினார்.

சூப் தளதளவென்று கொதித்தது. விளிம்பு வரை ஊற்றி, துணியால் பிடித்துக்கொண்டு போனேன்.

எப்போதும் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பேன்.

இன்று மேசையில் வைக்கவில்லை.

அவர் ஆவி பறப்பதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியோடு மெல்லப் பின்னால் நகர்ந்தார்.