மூக்கன் பிடித்த வாடை

ஒரு விமான நிலையத்தில் மல்லி என்றொரு மோப்ப நாய் வேலை பார்த்தது. எந்தப் பெட்டியில் வெடிமருந்து வாடை வந்தாலும் அது குரைக்காது. அந்தப் பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்துவிடும்.

வாடை பிடிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து பார்க்க அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது. வந்து சேர்ந்த இயந்திரத்தை எல்லாரும் மூக்கன் என்று கூப்பிட்டார்கள். மல்லி கண்டுபிடித்துக் கொடுத்த பெட்டிகளை வைத்துத்தான் அதற்குப் பாடம். வெடிமருந்துப் பெட்டி உள்ளே போனால் மூக்கன் தவறாமல் கூவும். பிள்ளை தேறிவிட்டான் என்று மல்லிக்கு ஒரே பெருமை.

பணம் கொடுத்த அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். நாயின் துணை இருக்கக் கூடாதென்று மல்லியை வெளியே கட்டிவிட்டு, புதுசாக மருந்து வைத்த பெட்டியை மூக்கனுக்குள் தள்ளினார்கள். சத்தமே இல்லை. இன்னொரு பெட்டிக்கும் அப்படித்தான்.

"இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். அப்பவும் கூவலேன்னா இதைக் கழிச்சுக் கட்டிருங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

அவிழ்த்துவிட்டதும் மல்லி பதறி ஓடிவந்து, பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று மூக்கனுக்குள் தலையை நுழைத்தது. மூக்கன் ஊரைக் கூட்டுகிற மாதிரி கூவியது.

"அடப்பாவி, அப்பக் கூவாம இப்ப எதுக்குடா கூவுறே?"

"அந்தப் பெட்டியில உன் வாடையே இல்லையே அக்கா. அதைத்தானே நான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன்?"

 மல்லி தலையை வெளியே எடுத்து, குரைக்காமல், மூக்கன்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.