கார்டு முதுகில் மூன்று எண்கள்

முதலாளி தங்கதுரை சாப்பிட வீட்டுக்குக் கிளம்பியதும், ஜெயசுதா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். கலையரசி மின்விசிறியை நிறுத்தினாள். அது போடும் கடகட சத்தத்தில், பேசுவது பேங்க் இல்லை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

"ஆரம்பிக்கலாமாடி?"

"மாட்டினா என் பேரை இழுக்காதடி," என்றாள் கலையரசி. ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கள்ளக்குறிச்சியில் இருந்தபடி கல்வராயன் மலைத் தேனையும் கடுக்காயையும் இணையத்தில் ஊர் ஊராக விற்கும் கடை அது. கலையரசி பார்சல் கட்டுவாள். வாடிக்கையாளர் கட்டிய பணம் சொந்தக் கார்டிலிருந்து வந்ததா, திருட்டுக் கார்டிலிருந்து வந்ததா என்று சரிபார்ப்பது ஜெயசுதாவின் வேலை. மோசடிக்காரர்கள் எங்கே குழைவார்கள், எங்கே அவசரப்படுத்துவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

போன வருடம் அவளுடைய அக்கா வீட்டுக்காரர், போனில் கேட்ட ஓர் இனிமையான குரலுக்கு, கார்டின் பின்னால் இருந்த மூன்று எண்களைச் சொன்னார். அப்புறம் கேட்டதை எல்லாம் சொன்னார். அந்தக் கார்டில் ஏறிய கடனை அடைக்க அக்காவின் நகை அடகுக்குப் போனது. மூன்றே மூன்று எண்களுக்கு ஒரு குடும்பத்தையே கவிழ்க்கிற சக்தியா என்று ஜெயசுதா அன்றைக்கு வாய் பிளந்தாள். இந்த யோசனை முளைத்ததும் அன்றைக்குத்தான்.

காலையில் ஆதிமூலம் வாட்ஸ்அப்பில் மூன்று பேரின் போன் நம்பரை அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல் பதிவு. பெயர், வயது, சம்பளம், எத்தனை ஏக்கர், சொந்த வீடா வாடகையா, எல்லாம் அதில் இருந்தது. இவ்வளவு விவரத்தை எங்கிருந்துதான் பிடிப்பாரோ!

"சாயங்காலத்துக்குள்ள மூணுல ஒரு ஆளைச் சொல்லு. இல்லன்னா நானே ஒருத்தனை முடிச்சுடுவேன். அப்பால என்மேல குத்தம் சொல்லக் கூடாது, ஆமா," என்று பதிவு முடிந்தது.

அவர் சொன்னால் செய்துவிடுவார். அப்புறம் ஜெயசுதா நினைத்தாலும் பின்வாங்க முடியாது. அவளுடைய வாழ்க்கையே இந்த மூன்று போனில் இருந்தது.

முதல் ஆள் தியாகதுருகம் வெங்கடேசன். ஹார்டுவேர் கடை.

"வணக்கம் சார், பேங்க்ல இருந்து பேசறேன். உங்க கிரெடிட் கார்டை இன்னிக்குப் புதுப்பிக்கலன்னா பிளாக் ஆயிடும். கார்டுக்குப் பின்னாடி மூணு நம்பர் இருக்கும், அதைச் சொல்றீங்களா?" குரலில் தேன் சொட்டியது. பக்கத்திலேயே டின் டின்னாக அடுக்கியிருந்ததால் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

"ஒரு நிமிசம் மேடம், கண்ணாடியைப் போட்டுக்கறேன்," என்றார் வெங்கடேசன். போட்டுக்கொண்டார். சொன்னார்.

"நன்றி சார்." ஜெயசுதா போனை வைத்தாள். "இவன் முடிஞ்சான்."

"எழுதிக்கக்கூட இல்லியேடி!"

"எனக்கு இன்னாத்துக்குடி எழுத்து?"

இரண்டாவது, மூங்கில்துறைப்பட்டு வீரமணி. சர்க்கரை ஆலையில் கிளார்க். மூன்று எண்களையும் மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்துவிட்டு, "ஓடிபி வந்தா அதையும் சொல்லட்டுங்களா? எங்கம்மா கார்டும் என்கிட்டதான் கீது. அதும் வோணுமா?" என்று கேட்டார்.

கலையரசி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு கடுக்காய் மூட்டைமேல் சாய்ந்தாள். மூட்டையோடு உருண்டாள்.

"இவனும் முடிஞ்சான்," என்றாள் ஜெயசுதா. இன்னும் ஒரே ஒரு நம்பர்.

மூன்றாவது, ரிஷிவந்தியம் அறிவுச்செல்வன். போனை எடுத்ததும் டிராக்டர் சத்தம் காதைப் பிளந்தது. ஜெயசுதா கத்திக் கத்திச் சொல்லி முடித்தாள்.

டிராக்டர் சத்தம் நின்றது.

"மறுபடி சொல்லும்மா. எந்த நம்பரு?"

"கார்டுக்குப் பின்னாடி, மூணு..."

"அதை எந்த பேங்க்காரனும் கேக்க மாட்டான். எங்கம்மா கேட்டாலே நான் சொல்ல மாட்டேன். நீ யாரு?"

"சார், இன்னிக்கே பிளாக் ஆயிடும் சார்..."

"ஆவட்டும். பிளாக் ஆனா வூட்டுக்கு லெட்டர் வரும், பார்த்துக்கறேன். படிச்ச பொண்ணாட்டம் பேசற, எத்தினி பேரு வயித்துல அடிச்சுக்கினு கீற? உன் நம்பர் இங்க வுழுந்திருக்கு. டிராக்டரை இப்படியே ஸ்டேஷனுக்கு வுடறேன், இரு!"

லைன் கட் ஆனது. டிராக்டர் மறுபடி கிளம்பும் உறுமல் மட்டும் அவள் காதில் மிச்சம் இருந்தது.

"செத்தோம்!" கலையரசி ஷட்டரை முழுசாக இறக்கப் பாய்ந்தாள். "நெசமாவே கம்ப்ளெயின்ட் குடுத்துடுவானாடி?"

"குடுப்பாரு," என்றாள் ஜெயசுதா. "கண்டிப்பா குடுப்பாரு."

அவள் முகம் ஏன் இப்படிச் சிவக்கிறது என்று கலையரசி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் ஆதிமூலத்தை அழைத்தாள்.

"ஐயா, மூணாவது ஆளுங்க. ரிஷிவந்தியம். அவரையே முடிச்சுடுங்க."

"நெசமாவா? அப்ப இப்பவே அவருகிட்ட பேசிடறேன்!"

"இப்ப வாணாங்க. அவரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க்கினு இருப்பாரு. வூட்டுக்கு வந்ததும் பேசுங்க."

ஒருவனுக்கு மூக்கு சரியில்லை, இன்னொருவனுக்கு மீசை சரியில்லை என்று ஆறு மாதமாக இழுத்தடித்த பெண், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற மாப்பிள்ளைக்குப் போட்டோகூடப் பார்க்காமல் சம்மதம் சொல்கிறாளே என்று போனையே திருப்பித் திருப்பிப் பார்த்தார், கல்யாணத் தரகர் ஆதிமூலம்.